ஒரே ஈற்றில் 2 கன்று: பண்ணைக்கு டபுள் லாபமா, டபுள் தலைவலியா?

ஒரு மாடு, ஒரே ஈற்றில் 2 கன்று. கேட்க ஜாக்பாட் மாதிரிதான் இருக்கு. ஆனால், அமெரிக்காவில் இறைச்சிக்காக மாடு வளர்க்கும் பண்ணையாளர்கள் பலருக்கு இரட்டைக் கன்று என்றாலே கொஞ்சம் பயம். ஏன்?

எவ்வளவு அரிது?

இறைச்சி இன மாடுகளில் சுமார் 100 ஈற்றுக்கு ஒன்றுதான் இரட்டை. பெரும்பாலும் ஒரே நேரத்தில் 2 கருமுட்டைகள் வெளிவருவதே காரணம்.

நல்லா தீவனம் போட்டா இரட்டை பிறக்குமா? ஆடுகளில் இணைசேர்க்கைக்கு முன் தீவனத்தைக் கூட்டினால் பலன் உண்டு. மாட்டில் மரபணுவுக்கும் வயதுக்கும்தான் பங்கு அதிகம்.

நெப்ராஸ்காவின் கிளே சென்டரில் உள்ள அமெரிக்க அரசின் இறைச்சி விலங்கு ஆராய்ச்சி மையம், 1980-களில் இதைச் சோதிக்க இறங்கியது. இரட்டை ஈன்ற மாடுகளைத் தேடிப் பிடித்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்தது. 2000-களில் அந்த மந்தையில் சுமார் பாதி ஈற்றுகள் இரட்டை!

அப்புறம் என்ன சிக்கல்?

முதல் சிக்கல், சாப்பாடு. கடைசி 3 மாதத்தில்தான் கன்றுகள் வேகமாக வளரும். 2 கன்றுகள் இடத்தை அடைத்துக்கொள்வதால் தாயால் வயிறு நிறையத் தின்னவும் முடியாது. உடம்பில் இருக்கும் கொழுப்பு கரையும்.

இங்கேதான் ஒரு கணக்கு. சினைக்காலம் சுமார் 283 நாள். வருஷத்துக்கு ஒரு ஈற்று வேண்டும் என்றால், கன்று போட்ட 82 நாளுக்குள் மாடு மறுபடி சினை பிடிக்கணும். மெலிந்த உடம்போடு 2 கன்றுக்குப் பால் கொடுக்கும் மாட்டுக்குச் சினைப்பருவம் தள்ளிப்போகும். சினை பிடிக்காத மாட்டைப் பல பண்ணைகள் விற்றுவிடும்.

பிரசவமும் சுலபமில்லை. கன்றுகளின் கால்கள் பின்னிக்கொள்ளலாம். நஞ்சுக்கொடி விழாமல் தங்கலாம். சில நாள் முன்னதாக, எடை குறைவாகப் பிறக்கும் கன்றுகளில் ஒன்றைத் தாய் கண்டுகொள்ளாமலும் போகலாம்.

காளையோடு பிறந்த கிடேரி

ஒன்று காளை, ஒன்று கிடேரி என்றால் இன்னொரு ட்விஸ்ட். அப்படிப் பிறக்கும் கிடேரிகளில் 90 சதவீதத்துக்கு மேல் மலடு. இவற்றுக்கு 'ஃப்ரீமார்ட்டின்' என்று பெயர். கருவிலேயே இரண்டின் ரத்த ஓட்டமும் இணைவதால், காளைக் கருவின் ஹார்மோன்கள் கிடேரியின் இனப்பெருக்க உறுப்புகளை வளரவிடாமல் தடுக்கின்றன. இந்தக் காரணத்தை 1910-களில் விளக்கியவர் அமெரிக்க உயிரியலாளர் ஃப்ராங்க் லில்லி. கன்று ஈனும் என்று நம்பி இந்தக் கிடேரியை வளர்த்தால் நஷ்டம்தான்.

என்ன செய்யலாம்?

* சினைப் பரிசோதனையில் அல்ட்ராசவுண்ட் மூலம் இரட்டையை முன்பே கண்டுபிடிக்கலாம்.
* அந்த மாடுகளைத் தனியாகப் பிரித்து, சத்தான தீவனம் கொடுக்கலாம். உடல்நிலை மதிப்பெண் 9-க்கு 5 அல்லது 6 இருந்தால் நல்லது.
* பிறந்த சில மணி நேரத்துக்குள் 2 கன்றுக்கும் சீம்பால் கிடைக்கணும்.
* தாயையும் கன்றுகளையும் சில நாள் சின்ன அடைப்பில் சேர்த்து வைத்தால், தாய் இரண்டையும் ஏற்க வாய்ப்பு அதிகம்.

இரட்டை என்று தெரியாமல் மந்தையோடு மந்தையாக மேய விட்டால், ஒரு கன்று கூடுதலாகக் கிடைத்தாலும் அடுத்த வருஷக் கன்று கைவிட்டுப் போகலாம். முன்பே தெரிந்து தீவனம் போட்டவருக்குத்தான் அது லாபம்.