மாரி ஓய்ந்தபின் மோட்டார் சைக்கிள்: ஓடுமா என்பதற்கு முன் நிற்குமா என்று பாருங்கள்

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, தை மாத வெயில் வன்னி மண்ணில் விழத் தொடங்கியதும் வட்டக்கச்சியின் முற்றங்களில் ஒரு காட்சியைக் காணலாம். கொட்டிலின் மூலையில் தறப்பாளால் மூடிக்கிடந்த மோட்டார் சைக்கிள் வெளியே உருட்டிவரப்படுகிறது. கிக்கர் ஓங்கி மிதிக்கப்படுகிறது. பத்தாவது மிதியில் இயந்திரம் உறுமியதும் வீட்டார் முகத்தில் நிம்மதி படர்கிறது. அடுத்த கணமே பிள்ளை முன்னாலும் மனைவி பின்னாலும் அமர, பயணம் தொடங்கிவிடுகிறது. இயந்திரம் உயிர்பெற்றால் வாகனம் தயார் என்ற இந்த நம்பிக்கை ஆபத்தானது என்பதையே நாம் இங்கு எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் பனிக்காலம் முழுவதும் மோட்டார் சைக்கிளைப் பூட்டிவைத்து, வசந்தம் பிறந்ததும் பரிசோதித்து எடுப்பது வழக்கம். எமக்குப் பனி இல்லை. ஆனால் வாகனம் முடங்கிக் கிடக்கும் காலங்கள் உண்டு. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி மாவட்டத்தில் வீடுகளோடு வாகனங்களும் வெள்ளத்தில் மூழ்கின. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு நாட்டையே முடக்கியது. கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் மாத்திரமே. போதாக்குறைக்கு, 2020 முதல் 2025இன் தொடக்கம் வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால் எமது வீதிகளில் ஓடுபவற்றில் பல பழைய வண்டிகளே.

வன்னி மக்கள் இயந்திரம் அறியாதவர்கள் அல்லர். பொருளாதாரத் தடை நிலவிய யுத்த காலத்தில் சில துளி பெற்றோலில் இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய கைத்திறன் அவர்களுடையது. எப்பாடுபட்டேனும் ஓடவைக்கும் திறனை அக்காலம் எமக்குக் கற்றுத்தந்தது. ஆனால் கனரக வாகனங்கள் விரையும் இன்றைய ஏ-9 வீதியில் உயிரைக் காப்பது ஓடவைக்கும் திறனன்று. வேண்டிய இடத்தில் நிறுத்தும் வசதியே. ஆகவே, கிக்கரில் கால் வைக்குமுன் பார்க்கவேண்டியவை சில உள.

முதலாவது பிறேக். மாதக்கணக்கில் ஈரத்தில் நின்ற வண்டியின் பிறேக் டிறம்மின் உட்புறம் துருப்பிடித்திருக்கும். முதல் அழுத்தத்திலேயே அது சில்லை இறுகப் பற்றி வண்டியைச் சறுக்கச் செய்யலாம். வெள்ளம் ஏறியிருந்தால் உள்ளே சேறும் படிந்திருக்கும். கழற்றித் துப்புரவு செய்வதே வழி. டிஸ்க் பிறேக் உள்ள வண்டியில் பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அவ்வாறு நீர் கலந்த திரவம் சூடேறினால் எளிதில் கொதித்து, பிடி தளர்ந்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது நன்று. பிறேக் தட்டில் ஒருபோதும் ஒயில் படலாகாது.

இரண்டாவது ரயர். நின்ற இடத்திலேயே காற்றுக் குறையும்; பக்கச் சுவர்களில் வெடிப்புத் தோன்றும். ரயரின் பக்கத்தில் பொறிக்கப்பட்ட நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிப்பன. 2319 என்றிருந்தால் 2019இன் 23ஆவது வாரம் என்பது பொருள். பூக்கள் தேயாதிருந்தாலும் வெடித்த ரயரை நம்பலாகாது.

மூன்றாவது செயின். மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு துருவை நீக்கி, துடைத்து, ஒயில் இடவேண்டும். பூநகரி நாச்சிக்குடா போன்ற கரையோரக் கிராமங்களில் உப்புக்காற்றும் சேர்வதால் இந்தத் துரு இன்னும் விரைவாகப் பரவும். அங்குள்ள கடற்றொழிலாளர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்துதல் வேண்டும்.

இவற்றின் பின்னரே இயந்திரம். இரண்டு மூன்று மாதங்கள் தேங்கிய பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, எஞ்சியது பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும். காபரேற்றரின் அடிப்புறத் திருகாணியைத் தளர்த்திப் பழையதை வடித்து, புதிய பெற்றோல் விடுக. எயார் பில்டர் பெட்டியிலும் சைலன்சர் வாயிலும் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். இருக்கையின் கீழ் எலி வயரைக் கடித்திருக்கலாம். பூச்சி, பாம்பு ஒதுங்கும் இடமாதலால் கையை விடுமுன் கண்ணால் பார்ப்பது அவசியம். பற்றரியில் 12.4 வோல்ற்றுக்குக் குறைந்திருந்தால் மெதுவாகச் சார்ஜ் செய்க. அவசரப்பட்டு அதிக மின்னோட்டம் கொடுத்தால் பற்றரி பழுதாகும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி தனி வகை. அதனை இயக்கிப் பார்க்கவே கூடாது. காற்றை நசுக்கலாம், நீரை நசுக்க முடியாது. சிலிண்டரினுள் நீர் நிற்க இயந்திரம் சுழன்றால் உள்ளிருக்கும் தண்டு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றிய பின் கிக்கரை மெல்ல மிதித்து நீரை வெளியேற்றவேண்டும். என்ஜின் ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது என்பது தெளிவு; முற்றாக வடித்துப் புதியது இடுக. ஐயமிருப்பின் மெக்கானிக்கிடம் உருட்டிச் செல்வதே சிக்கனம். ஒருநாள் கூலியை மிச்சம்பிடிக்கப் போய் இயந்திரத்தையே இழந்தவர்களை நாம் கண்டிருக்கின்றோம்.

எல்லாம் சரியான பின்னரும் முதல் ஓட்டம் தனியாகவும் மெதுவாகவும் இருக்கட்டும். வாய்க்கால் கரையோர ஒழுங்கையில் சிறிது தூரம் ஓடி, இரண்டு பிறேக்குகளையும் பலமுறை பிடித்துப் பாருங்கள். முன்விளக்கும் பின்விளக்கும் எரிகின்றனவா என்றும், காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் காலாவதியாகாமல் உள்ளனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எமது கிராமங்களில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. வயலுக்கு உரமூடையும், சந்தைக்கு மரக்கறியும், வைத்தியசாலைக்கு நோயாளியும், பாடசாலைக்குப் பிள்ளையும் செல்வது அதிலேதான். ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டுச் செய்யும் இந்தப் பரிசோதனை, அந்தப் பிள்ளை மாலையில் வீடு திரும்புவதற்காகச் செய்யப்படுவது என்பதை நாம் மறந்துவிடலாகாது.