கடுகளவு தங்கம்

பி.காம். படித்தவன் புத்தி எங்கே போகும்? ‘சையன் கோப்’ என்ற பாதிரியார் மேலங்கியின் படத்தைப் பார்த்ததும், ‘கூலி எவ்வளவு ஆகியிருக்கும்?’ என்றுதான் தோன்றியது. 1300-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் செய்த எம்பிராய்டரி. இப்போது லண்டன் விக்டோரியா - ஆல்பர்ட் மியூஸியத்தில் இருக்கிறது.

இந்த மாதிரி உடைகளை அதே முறையில் மறுபடி செய்து பார்ப்பவர்களின் பெண்டு நிமிர்த்துவது இதன் தங்கத் தையல்தான். முலாம் பூசிய மெல்லிய வெள்ளித் தகட்டைப் பட்டு நூலில் சுற்றினால் தங்க நூல்; நம்ம ஜரிகை மாதிரி. அதைத் துணிமேல் கிடத்தி, அடியிலிருந்து லினன் நூலை ஏற்றி, தங்க நூலை வளைத்து, வந்த ஓட்டை வழியாகவே இறக்கி, ஒரு இழு! கடுகளவு தங்கம் பின்பக்கம் போய்விடும்.

‘தங்கத்தை எதுக்கு ஒளிக்கணும்? வேஸ்ட்!’ என்று என் கர்ச்சீப்பில் ஜரிகையை நெருக்கமாக, மேலோடு வைத்துத் தைத்தேன். அட்டை மாதிரி விறைத்தது.

“இதைப் போட்டுக்கிட்டா அந்தப் பாதிரியார் உட்காரவே முடியாதுங்க!” என்றாள் மனைவி.

பழைய முறையில் தைத்தேன். ஒரு மாலை முழுக்க ஒரு அங்குலம். ஆனால், துணி அழகாக மடங்கியது. உள்ளே போன கடுகுதான் கீல்!

மூன்றாம் ஹென்றி மன்னருக்குத் தையல்வேலை செய்த மேபல் என்ற பெண்ணுக்கு, நீண்ட நாள் உழைப்புக்காக 1256-ல் துணியும் அங்கிக்கு முயல் ரோமமும் தரச் சொன்னாராம் மன்னர். சும்மா இல்லை!

மறுநாள் மனைவியின் பிளவுஸுக்கு ஆரி ஒர்க் செய்த பெண் கூலி சொன்னார். முதல் தடவையாக நான் பேரம் பேசவில்லை. விரல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.