குழந்தைக்கு உதடு தடித்திருக்கிறதா? பழி போடாதீர்கள், பரிசோதியுங்கள்!

பிரசவ வார்டு. துணியில் சுற்றிய குழந்தையை நர்ஸ் கொண்டு வந்து கொடுக்கிறார். பார்க்க வந்த பெரியம்மா முதலில் கேட்பது இதைத்தான்: ''என்னடி இது, உதடு இப்படி வீங்கிக் கிடக்கு? கிரகணத்தப்ப வெளியில போனியா?'' பெற்றவளின் முகம் வாடிவிடுகிறது.

அந்தப் பெரியம்மாவுக்கு நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். கிரகணத்துக்கும் குழந்தையின் உதட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கர்ப்பிணி காய் நறுக்கினாலும், கத்தியைத் தொட்டாலும் உதடு தடிக்காது.

தடித்த உதடு எல்லாமே நோயும் அல்ல. அப்பாவுக்கோ பாட்டிக்கோ அப்படி இருந்தால், அது குடும்பச் சாயல். அவ்வளவுதான். அளவுக்கு மீறிப் பெரிதாக, ஒரு பக்கம் மட்டும் தொங்கி, அல்லது நிறம் மாறி இருந்தால்தான் கவனிக்க வேண்டும். இதை டாக்டர்கள் 'மேக்ரோகீலியா' என்பார்கள். கிரேக்க மொழியில் 'பெரிய உதடு' என்று பொருள்.

காரணங்கள் என்ன?

நீலம் பாரித்து, மெத்தென்று, குழந்தை அழும்போது இன்னும் பெரிதாகிறதா? ரத்த நாளங்கள் (சிரைகள்) சரியாக அமையாததால் இருக்கலாம். கெட்டியாக, உள்பக்கம் தவளை முட்டை போலச் சின்னச் சின்னக் கொப்புளங்களோடு, சளி காய்ச்சல் வந்தால் வீங்குகிறதா? அது நிணநீர்க் குழாய்களின் கோளாறாக இருக்கலாம். இரண்டும் கருவிலேயே உருவாகிறவை. குழந்தையோடு சேர்ந்து வளரும், தானாக மறையாது. இவை பெரும்பாலும் பரம்பரையாக வருவதும் இல்லை.

பிறக்கும்போது லேசான புள்ளியாக இருந்து, சில வாரங்களில் சிவப்பாக மளமளவென்று வளர்ந்தால் 'ஹெமாஞ்சியோமா' என்ற ரத்த நாளக் கட்டி. ஒரு வயதுக்குப் பிறகு இது மெல்லச் சுருங்கத் தொடங்கும். 'அப்போ விட்டுடலாமே' என்கிறீர்களா? உதட்டில் வந்தால் விடக்கூடாது. புண்ணாகி ரத்தம் கசியலாம். பால் குடிப்பது சிரமமாகும். உதட்டின் வடிவமும் கெடலாம். இது வேகமாக வளர்வது முதல் ஐந்து மாதங்களில்தான். எனவே சில வாரம் தள்ளிப் போடுவதுகூட நஷ்டம்.

சிரிக்கும்போது மட்டும் மேலுதட்டுக்குக் கீழே இன்னொரு உதடு தெரிந்தால் 'இரட்டை உதடு'. ஆபத்தில்லை.

மறக்கக்கூடாத ஒன்று: உதட்டோடு நாக்கும் தடித்து, குழந்தை எந்நேரமும் தூங்கி, மலச்சிக்கலும் நீண்ட நாள் மஞ்சள் காமாலையும் இருந்தால், உடனே தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றலாம். தாமதித்தால் இழந்ததை மீட்க முடியாது.

சிகிச்சை உண்டா?

தாராளமாக உண்டு. டாப்ளர் ஸ்கேன், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்து எந்த வகை என்று கண்டுபிடிப்பார்கள். ஹெமாஞ்சியோமாவுக்கு, இதய நோய்க்குத் தரப்படும் 'ப்ராப்ரனலால்' மருந்து நன்றாகக் கேட்கிறது. பிரான்ஸின் போர்டோ நகர டாக்டர்கள் 2008-ல் இதை வெளியிட்டார்கள். ஆனால் நாடித் துடிப்பும் ரத்தச் சர்க்கரையும் குறையக்கூடும் என்பதால், டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே தர வேண்டும். பால் குடிக்காத வேளையில் கொடுக்கக் கூடாது.

சிரை, நிணநீர்க் கோளாறுகளுக்கு, உள்ளே மருந்து செலுத்திச் சுருக்கும் ஊசி இருக்கிறது. மிச்சத்தை பிளாஸ்டிக் சர்ஜன் ஆபரேஷனில் சரி செய்வார். இரட்டை உதட்டுக்கு உள்பக்கமாகவே வெட்டித் தைப்பதால் வெளியே தழும்பு தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியது

உறிஞ்சிக் குடிக்க முடியாவிட்டால் தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள்; நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சூடு போடுவது, சுண்ணாம்பு தடவுவது, ஊசியால் குத்திப் பார்ப்பது எதுவும் கூடாது. நன்றாக இருந்த உதடு திடீரென்று வீங்கினால் அது வேறு விஷயம், அலர்ஜியாக இருக்கலாம். மூச்சு திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

'அம்மா', 'அப்பா' இரண்டையும் உதடு சேராமல் சொல்ல முடியாது. பேச்சு தெளிவாக வராவிட்டால் பேச்சுப் பயிற்சி உதவும். பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டால், ஆசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். அதற்கு முன்னால் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

அடுத்த முறை பெரியம்மா வந்தால், கிரகணத்தைப் பற்றிப் பேச விடாதீர்கள். ''டாக்டரிடம் எப்போ காட்டப் போறோம்?'' என்று கேட்கச் சொல்லுங்கள்!