ரொட்டியும் பிரஷரும்



லயத்து அடுப்பில் நாம் சுடுகிற ரொட்டிக்கும் திருகோணமலைச் சீனன்குடாவுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. அங்குள்ள பிரிமா ஆலை, கப்பலில் வந்திறங்கும் கோதுமையை 1980ஆம் ஆண்டு முதல் அரைத்து வருகிறது. நம் நாட்டுக் கடைகளில் விற்கும் கோதுமை மாவில் பெரிய பங்கு அங்கிருந்து வருவதுதான். அந்த ரொட்டிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதை இம்முறை சொல்கிறோம்.

இரத்தக் குழாய், பீலித் தண்ணீர்க் குழாய் போல வெறும் குழாய் இல்லை. அதன் சுவரைச் சுற்றிச் சிறு தசைகள் உண்டு. அவை இறுகினால் குழாய் ஒடுங்கும், அழுத்தம் ஏறும். தளர்ந்தால் குழாய் விரியும், அழுத்தம் இறங்கும்.

இறுகு, தளரு என்று சொல்வது யார்? அந்தத் தசையின் ஒவ்வொரு கலத்திலும் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் உண்டு. ஒரு வகை பொட்டாசியத்துக்கு, இன்னொரு வகை கல்சியத்துக்கு. கலத்துக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட ஏறக்குறைய 30 மடங்கு. பொட்டாசிய வாசல் திறந்தால் அது வெளியே போகும். அதனால் கலத்தின் மின்நிலை மாறி, கல்சிய வாசல் மூடிக்கொள்ளும். கல்சியம் உள்ளே வருவது குறைந்தால் தசை தளர்ந்துவிடும்.

கூடை சுமந்து மலையேறும்போது நம் காலிலேயே இது நடக்குது. உழைக்கும் தசை கொஞ்சம் பொட்டாசியத்தை வெளியே விடும். அது பக்கத்துக் குழாயின் பொட்டாசிய வாசல்களை மேலும் திறக்கும். குழாய் விரிந்து, உழைக்கும் இடத்துக்கு இரத்தம் கூடுதலாக வரும்.

பலர் போடுகிற 'அம்லோடிபின்' மாத்திரை கல்சிய வாசலை நேராக அடைக்கிறது. "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று மாத்திரையை விட்டால் வாசல் மறுபடி திறக்கும். பிரஷர் பெரும்பாலும் வலி காட்டாது. பாரிசவாதம் வந்த பிறகுதான் சிலருக்குத் தெரிய வருகிறது.

இனி ரொட்டி. வெள்ளை மா அரைக்கும்போது தவிடும் முளையும் போய்விடும். எந்த ஆலையிலும் இப்படித்தான். 100 கிராம் முழுக்கோதுமை மாவில் 350 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. வெள்ளை மாவில் ஏறக்குறைய 100தான். உணவில் உள்ள பொட்டாசியம், மேலதிக உப்பைச் சிறுநீரகம் வெளியேற்ற உதவுகிறது. ரொட்டியில் உப்பு, சம்பலில் உப்பு, கருவாட்டிலும் உப்பு என்றால் உப்பு கூடுகிறது, பொட்டாசியம் குறைகிறது. பெரியவர்கள் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பும், குறைந்தது 3,510 மில்லிகிராம் பொட்டாசியமும் எடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

செய்யக்கூடியவை இவை:

1. ரொட்டியோடு பருப்பும் கீரையும் சேருங்க. வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீங்க. பொட்டாசியம் அதோடு போய்விடும்.
2. வாழைப்பழம், உருளைக்கிழங்கு, மரவள்ளி முறைவைத்துச் சாப்பிடுங்க.
3. மாப் பிசையும்போது போடும் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்க.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரக நோயுள்ளவர்களுக்குப் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். அவர்களும், 'லொசார்டன்' போன்ற மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் பொட்டாசிய உப்போ பொட்டாசிய மாத்திரையோ எடுக்கக் கூடாது.

அடுத்த முறை டிஸ்பென்சரிப் பக்கம் போனால் பிரஷரை அளந்து பாருங்க. வீட்டிலுள்ள தாத்தா பாட்டியையும் கூட்டிட்டுப் போங்க.