கைவசம் இருக்கும் மாடல்

கெர்னலுக்குள் ஒரு நடை – 11

மடிக்கணினியின் விசைப்பலகையில் மேல்வரிசையைப் பாருங்கள். சூரியன், ஒலிபெருக்கி, பிறை நிலா, விமானம் என்று பொடிப் பொடிப் படங்கள். எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தினால் திரை பிரகாசமாகும், சத்தம் குறையும், கணினி உறக்கத்துக்குப் போகும். இவற்றை ஹாட்கீ என்பார்கள். கணினியோடு வந்த இயங்குதளத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் எழுத்துகளும் எண்களும் ஒழுங்காக விழும். படம்போட்ட விசைகளில் நாலைந்து மட்டும் ஊமையாகிவிடுவதுண்டு. இந்த வாரம் அந்த ஊமை விசைகளைப் பேசவைக்கும் டிரைவர்களைப் பற்றி.

எழுத்து விசைகளுக்கு 1980-களின் ஐபிஎம் பிசி காலத்திலேயே எண் ஒதுக்கிவிட்டார்கள். யார் தயாரித்த கணினியானாலும் அந்த ஏற்பாடுதான். மேல்வரிசைக்கு அப்படி ஒரு பொது ஏற்பாடு இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் வேறு. தாய்ப்பலகையில் எம்பெடட் கன்ட்ரோலர் என்றொரு சிறிய சில்லு இருக்கிறது. பேட்டரிக்கு எவ்வளவு சார்ஜ், விசிறி எத்தனை வேகம், மூடி திறந்திருக்கிறதா, எஃப்என் விசையோடு எது அழுத்தப்பட்டது என்பதையெல்லாம் கவனிப்பது இதுதான். பல கணினிகளில் எஃப்என் விசையைத் தனியே அழுத்தினால் இந்தச் சில்லோடு செய்தி நின்றுவிடும்; இயங்குதளம்வரை போகவே போகாது.

எங்கள் ஊரான கோலார் தங்க வயலில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். கூண்டை இறக்கி ஏற்றும் எஞ்சின் டிரைவர் மேலே, எஞ்சின் வீட்டில் உட்கார்ந்திருப்பார். கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. கீழே நிற்பவர் மணி அடிப்பார். எத்தனை மணி என்பதுதான் செய்தி: நிறுத்து, இறக்கு, ஆள் ஏறுகிறார்கள். எந்த எண்ணிக்கைக்கு என்ன பொருள் என்று எழுதிய பலகை டிரைவரின் எதிரிலேயே இருக்கும். மடிக்கணினியிலும் கீழிருந்து மணி அடிக்கத்தான் செய்கிறது. பலகையைத்தான் கம்பெனிகள் வெளியே தருவதில்லை. ஹாட்கீ டிரைவர் எழுதுவது என்றால் ஒவ்வொரு விசையாக அழுத்தி, மணியைக் கேட்டு, அந்தப் பலகையை நாமே எழுதுவது.

மணி கெர்னலுக்கு வந்துசேரும் வழிக்கு ஏ.சி.பி.ஐ. என்று பெயர். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட வரையறை. இதன்படி ஒவ்வொரு கணினியின் ஃபர்ம்வேரிலும் சின்னச் சின்ன நிரல்துண்டுகள் அடங்கிய அட்டவணை ஒன்று இருக்கும். சில்லு ஓர் இடையீட்டை எழுப்பும். என்ன விஷயம் என்று கெர்னல் கேட்கும். சில்லு ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்கான நிரல்துண்டைக் கெர்னல் ஓட்டும். கடைசியில் இன்ன சாதனத்தில் இன்ன நிகழ்வு என்று ஓர் அறிவிப்பு வரும். அதைக் கேட்க ஒரு டிரைவர் காத்திருந்தால் விசை பேசும். யாரும் இல்லையென்றால் அறிவிப்பு வீணாகப் போகும்.

அந்த அட்டவணையை யார் வேண்டுமானாலும் தம் கணினியிலிருந்தே எடுத்துப் பார்க்கலாம். ‘ஏசிபிஐடம்ப்’ என்ற கட்டளை அதை வெளியே எடுக்கும். ‘ஐஏஎஸ்எல்’ அதைப் படிக்கிற மாதிரி விரித்துக் கொடுக்கும். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும். முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். ஒரு திங்க்பேடில் இதைச் செய்து ‘எச்கேஇஒய்’ என்ற பெயரைத் தேடுங்கள். ஹாட்கீகளுக்கென்றே ஒரு சாதனம் அங்கே இருக்கும். அதன் கீழ் நாலெழுத்துப் பெயர்களில் சில செயல்கள்: ஒன்று நிகழ்வுகளைத் திறந்துவிடும், ஒன்று மூடும், ஒன்று வரிசையில் நிற்கும் அடுத்த நிகழ்வை எடுத்துத் தரும். வரும் எண்கள் பதினாறடிமான முறையில் இருக்கும். 1010 என்றால் வெளிச்சம் கூட்டு, 1011 குறை, 1004 உறக்கம். 5001 என்றால் மூடி மூடப்பட்டது, 5002 திறக்கப்பட்டது. 6011 என்றால் பேட்டரி சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை.

இந்தப் பட்டியலை லினக்ஸுக்குக் கொண்டுவந்தவர் போரிஸ்லாவ் தெயானவ். 2004-இல் ஐபிஎம்-ஏசிபிஐ என்ற டிரைவரை எழுதினார். பிறகு பிரேசிலைச் சேர்ந்த என்ரிக்கே ஹோல்ஷு பொறுப்பெடுத்துக்கொண்டார். 2007-இல் வந்த 2.6.22 கெர்னலில் அதற்குத் திங்க்பேட்-ஏசிபிஐ என்று பெயர் மாறியது. இன்றைக்கு அந்த ஒரே கோப்பு பத்தாயிரம் வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் அதிகம் தெரிவது விதிவிலக்குகள்தான். இந்த மாடலில் இந்த எண் வேறு பொருள், அந்த மாடலில் அந்தச் செயல் கிடையாது என்று ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தம் கையிலிருந்த கணினியில் விசையை அழுத்திப் பார்த்துச் சொன்னது. மற்ற கம்பெனிகளின் மாடல்களுக்கும் இப்படித்தான் டிரைவர் எழுதினார்கள்: ஆசுஸுக்கு ஜூலியன் லெரூஜ், தோஷிபாவுக்கு ஜான் பெல்மான்டே, ஏசருக்குக் கார்லோஸ் கொர்பாச்சோ. கம்பெனிகள் பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டன. தொடங்கிவைத்தவர்களிடம் இருந்தது அந்த மாடல் மட்டுமே.

எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். விசைக்கான வேலையை யார் செய்வது என்பது தனிக் கேள்வி. சில மாடல்களில் வெளிச்சத்தை ஃபர்ம்வேர் தானாகவே ஒரு படி கூட்டிவிடும். அதே நிகழ்வை டிரைவரும் விசையழுத்தமாக அறிவித்தால் டெஸ்க்டாப் இன்னொரு படி கூட்டும். ஒருமுறை அழுத்தினால் இரண்டு படி தாவும். அதனால்தான் திங்க்பேட் டிரைவரில் ஒரு முகமூடி எண் இருக்கிறது. அதில் ஒரு பிட்டைப் போட்டால், அந்த விசையைப் பொறுத்தவரை ஃபர்ம்வேர் ஒதுங்கிக்கொண்டு நிகழ்வை இயங்குதளத்திடம் விட்டுவிடும். எந்த விசையை யாரிடம் விடுவது என்பதை மாடல் மாடலாகச் சோதித்துத்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. நல்ல டிரைவருக்கும் ஏனோதானோ டிரைவருக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான் தெரியும்.

எல்லா ஊமை விசைக்கும் டிரைவர் தேவைப்படாது. எங்கள் குடியிருப்பு லைனில் டிப்ளமோ படிக்கும் பையன் ஒருவன், பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அண்ணா, இந்தக் கீயை அமுக்கினா லாக்ல ‘தெரியாத கீ’ன்னு வருதுண்ணா” என்றான். நல்ல செய்தி. விசை ஏ.சி.பி.ஐ. வழியில் வரவில்லை, சாதாரண விசைப்பலகை வழியிலேயே வருகிறது, பெயர் மட்டும் இல்லை என்று பொருள். அந்த எண்ணுக்கு இன்ன பெயர் என்று யூடெவ்வின் வன்பொருள் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தான். விசையழுத்தங்களைக் காட்டும் ‘எவ்டெஸ்ட்’டை ஓட்டிவிட்டு விசையைத் தொட்டான். 225 என்ற எண்ணும், அருகில் வெளிச்சம் கூட்டும் விசையின் பெயரும் திரையில் வந்தன. அடுத்த நொடி திரையும் பிரகாசமானது. மூன்றாவது வழியும் ஒன்று உண்டு: டபிள்யூஎம்ஐ. ஏசர், ஹெச்பி, டெல் மாடல்கள் பலவும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. விசை எந்த வழியில் வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் நிரல் எழுத உட்காரக் கூடாது.

அடுத்து, மின்சார நிகழ்வுகள். இங்கே விசை எதையும் யாரும் தொடுவதில்லை. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தது எங்கள் ஊர்ச் சுரங்கங்களுக்காகத்தான். பெங்களூரில் மின்விளக்கு எரிந்தது 1905-இல். இன்று ஆண்டர்சன்பேட்டையில் கரண்ட் போகும் அந்தக் கணத்தில் மடிக்கணினிக்குள் என்ன நடக்கிறது? அடாப்டர் செத்ததைச் சில்லு பார்க்கிறது, மணியடிக்கிறது. கெர்னல் அடாப்டரின் நிலையைக் கேட்கிறது. ஒன்று இருந்த இடத்தில் பூஜ்யம் வருகிறது. டெஸ்க்டாப் திரையை மங்கவைத்துப் பேட்டரிக் கணக்கைத் தொடங்குகிறது. இந்த ஓர் அறிவிப்பு வராமல் போனால் மின்சாரம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு கணினி முழுவேகத்தில் ஓடும். எழுதிக்கொண்டிருந்தது சேமிக்கப்படாமலே அணைந்துபோகும்.

மூடி இன்னும் தொல்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியதிலிருந்து மாரிக்குப்பம், சாம்பியன், ஊர்காம் நிலையங்களில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் ஊர் இது. திரும்பும்போது பெங்களூர் கன்டோன்மென்ட் நிலையத்தில் மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு நெரிசலில் ஏறுகிறார்கள். மூடியது பற்றிய நிகழ்வு கெர்னலுக்குப் போய்ச் சேரவில்லையென்றால் கணினி உறங்காது. பைக்குள்ளேயே கொதித்துக்கொண்டிருந்து, பங்காரப்பேட்டை வருவதற்குள் பேட்டரி காலியாகிவிடும். சில ஃபர்ம்வேர்கள் மூடும்போது சொல்லும், திறக்கும்போது சொல்லாது. உறக்கத்திலிருந்து எழுந்த கெர்னல் மூடியின் நிலையைக் கேட்டால், மூடித்தான் இருக்கிறது என்று பழைய பதிலையே கொடுக்கும். உடனே மறுபடி உறக்கம். கெர்னல் ஆவணத்திலேயே இந்த விவகாரத்துக்கு ஒரு தனிப் பக்கம் இருக்கிறது. மூடி திறந்திருப்பதாகவே எடுத்துக்கொள் என்று சொல்ல ஒரு தெரிவும் கொடுத்திருக்கிறார்கள்.

கம்பெனியிடம் ஆவணம் இருந்தால் வேலை எவ்வளவு சீராக நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஏஎம்டி சில்லு உள்ள மடிக்கணினிகள் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போனதா என்று கவனிக்கும் ஏஎம்டி-பிஎம்சி டிரைவரை 2020-இல் எழுதியவர் ஷியாம் சுந்தர் எஸ்.கே. பயாஸ் அமைப்புகளை லினக்ஸிலிருந்தே மாற்றும் டெல் டிரைவரின் ஆசிரியர் வரிகளில் திவ்யா பாரதி, பிரசாந்த் கே.எஸ்.ஆர்., மரியோ லிமன்சியெல்லோ என்ற பெயர்கள் இருக்கின்றன. சில்லோ கணினியோ செய்தவர்களே எழுதும்போது ஊகத்துக்கு இடமில்லை. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். முதல் ஆண்டுக்கே ஒன்பது லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். அவ்வளவு மொத்தமாக வாங்குகிற அரசு, ஹாட்கீ, மின் நிகழ்வு எண்களின் பட்டியலைத் தர வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் எந்தக் கம்பெனியும் மறுக்காது. கர்நாடக அரசுக்கும் இதே கோரிக்கைதான்.

ஆர்வத்தில் கைவைக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கேட்பதில் ஆபத்தில்லை, எழுதுவதில் உண்டு. 2013 தொடக்கத்தில் சில சாம்சங் மடிக்கணினிகளில் யூஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேர் முறையில் லினக்ஸை ஏற்றியதும் அவை மறுபடி எழவே இல்லை. பழி முதலில் சாம்சங்-லேப்டாப் டிரைவர்மேல் விழுந்தது. யூஇஎஃப்ஐ கணினிகளில் அது ஏறாதபடி உடனே மாற்றினார்கள். பிறகு கெர்னல் நிரலாளர் மாத்யூ காரெட் ஆராய்ந்து, ஃபர்ம்வேரின் சேமிப்பிடத்தில் அதிகமாகத் தரவு எழுதினால் விண்டோஸிலிருந்தும் அதே கதிதான் என்று காட்டினார். எம்பெடட் கன்ட்ரோலரின் பதிவேடுகளில் பொருள் தெரியாமல் எதையும் எழுதாதீர்கள். விசிறியை நிறுத்திவிட்டாலே போதும், கணினி கெட்டுப்போக.

மேலே சொன்னதில் எதற்கும் பெரிய வேலையில் இருக்க வேண்டிய அவசியமில்லை. பெங்களூர் ஆபீசுகள் கழித்துவிட்ட பழைய மாடல்கள் நம் ராபர்ட்சன்பேட்டைக் கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றைத் தயாரித்த கம்பெனியே மறந்துவிட்டது. கையில் வைத்திருப்பவர் நீங்கள்தான். ஊமை விசை ஒன்று இருந்தால் லாகைப் பாருங்கள், எவ்டெஸ்ட்டை ஓட்டுங்கள், அட்டவணையை எடுத்து வையுங்கள். டிரைவருக்கான திருத்தம் தயாரானதும் கெர்னலோடு வரும் பொறுப்பாளர் பட்டியலைத் திறந்தால் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று இருக்கும். இந்தப் பகுதியை இப்போது ஹான்ஸ் ட கூடேயும் இல்போ யார்வினெனும் கவனிக்கிறார்கள். படிப்பு, ஊர், சம்பளம் எதையும் அவர்கள் கேட்பதில்லை. மாடல் பெயரையும் சோதித்த விதத்தையும் எழுதி, இது என் வேலைதான் என்று உறுதிசொல்லும் கையொப்ப வரியில் உங்கள் சொந்தப் பெயரைப் போட்டு அனுப்புங்கள்.