வெள்ளை எருமைக் கன்றும் வெண்புலியும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஆண்டு, எங்கள் வீட்டு எருமை தலையீத்து ஈன்றது. விடியற்காலையில் அம்மா போட்ட சத்தத்தில் எழுந்து ஓடினேன். கன்னங்கரிய எருமையின் காலடியில் வெள்ளைவெளேரென்று ஒரு கன்று கிடந்தது. தோல் இளஞ்சிவப்பு; கண்களும் சிவப்பு. பொழுது ஏறியதும் வெளிச்சத்தைப் பார்க்க மாட்டாமல் தாயின் வயிற்றடியில் தலையை நுழைத்துக்கொண்டது.

மதியத்திற்குள் தெருவே கூடிவிட்டது. "இது வீட்டுக்கு ஆகாது" என்றார் ஒருவர். "கிரகணத்தன்னிக்குச் சினை எருமையை வெளியே கட்டியிருப்பே" என்று அம்மாவையே குற்றவாளியாக்கினார் இன்னொருவர். அப்பத்தாவும் அதற்குத் தலையாட்டினாள். மூன்றாம் நாள், தாயையும் கன்றையும் தரகர் கேட்ட விலைக்கே அப்பா கொடுத்துவிட்டார். அந்த எருமையின் பால் காசில்தான் என்னைக் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தது. பிறகு கடன் வாங்கிச் சேர்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "என் கைப்பிழையால்தான் உன் படிப்புக்குக் கடன் வந்தது" என்று அம்மா சொல்லும்போதெல்லாம், மறுத்துச் சொல்ல எனக்கும் அன்று ஒன்றும் தெரியவில்லை.

சென்ற ஆண்டு துறைச் சுற்றுலாவில் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போயிருந்தோம். வெண்புலியின் முன்னால்தான் கூட்டம் அதிகம். "ஆகா, என்ன அழகு!" என்று வியக்காதவர் இல்லை. எனக்கு எங்கள் கன்றின் நினைவு வந்தது. பூங்காவில் வெள்ளை நிறம் அதிசயம்; எங்கள் தொழுவத்தில் அது அபசகுனம்! இந்த வேற்றுமை விலங்கில் இருக்கிறதா, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறதா? இவ்வாண்டு மரபியல் படிக்கத் தொடங்கிய பிறகே எனக்கு விடை கிடைத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விலங்குகளின் தோலுக்கும் மயிருக்கும் நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. இது இரு வகைப்படும். கருமையும் பழுப்பும் தருவது யூமெலனின். செம்மையும் மஞ்சளும் தருவது ஃபியோமெலனின். இவற்றை உண்டாக்கும் வேலையில் முதற்படியை நடத்துவது டைரோசினேஸ் என்னும் நொதி. அந்த நொதிக்குரிய மரபணுவில் திடீர் மாற்றம் நேர்ந்து நொதி செயலிழந்தால், உடலில் எங்குமே மெலனின் உண்டாகாது. இந்நிலைக்கு அல்பினிசம் என்று பெயர். கண்ணிலும் நிறமி இல்லாததால் உள்ளிருக்கும் இரத்தக் குழாய்களின் சிவப்பு வெளியே தெரிகிறது, வெளிச்சம் கூசுகிறது. எங்கள் கன்றின் சிவந்த கண்ணுக்கு விளக்கம் இவ்வளவுதான். இதில் கிரகணத்துக்கு இடமே இல்லை.

அப்படியானால் கரிய தாய்க்கு எப்படி வெள்ளைக் கன்று பிறந்தது? ஒவ்வொரு மரபணுவும் விலங்கிடம் இரண்டு படிகளாக இருக்கிறது. ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. அல்பினிசம் ஓர் ஒடுங்கு பண்பு. ஒரு படி கெட்டிருந்தாலும் நல்ல படி ஒன்று இருந்தால் நிறம் வழக்கம்போல் இருக்கும். கெட்ட படியை ஒளித்து வைத்திருக்கும் இரு கரிய எருமைகள் கூடினால்தான் வெள்ளைக் கன்று பிறக்க முடியும். அப்போதும் நான்கில் ஒரு பங்கே அதற்கு வாய்ப்பு. ஆகவே தாய் மட்டும் இதற்குக் காரணமாக முடியாது. தந்தைக்கும் சரிபாதிப் பங்கு உண்டு.

இனி வெண்புலிக்கு வருவோம். வெண்புலி அல்பினோ அன்று. அதன் கண் நீலம். உடலில் கருங்கோடுகளும் உண்டு. 2013ஆம் ஆண்டில் சீனாவின் பீக்கிங் பல்கலைக்கழக ஆய்வாளர் குழு இதன் காரணத்தைக் கண்டறிந்தது. எஸ்.எல்.சி. 45 ஏ 2 என்னும் மரபணுவில் நேர்ந்த மாற்றத்தால், அது உண்டாக்கும் புரதத்தில் 477ஆம் இடத்தில் அலனின் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்துவிடுகிறது. ஒரே ஓர் அமினோ அமிலம்! அதனால் மஞ்சள் மறைகிறது. கருமை பெரும்பாலும் நிற்கிறது. இதுவும் ஒடுங்கு பண்பே.

இன்று உயிரியல் பூங்காக்களில் உள்ள வெண்புலிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை ஒரே புலி. 1951ஆம் ஆண்டு, இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள ரீவா பகுதிக் காட்டில் மகாராஜா மார்த்தாண்ட சிங் ஒரு வெண்புலிக் குட்டியைப் பிடித்தார். மோகன் என்று பெயரிட்டு கோவிந்தகர் அரண்மனையில் வளர்த்தார். வளர்ந்தபின் பேகம் என்ற சாதாரணப் பெண்புலியோடு சேர்த்தார். பிறந்த குட்டிகள் யாவும் மஞ்சள். வெள்ளை தொலைந்துவிட்டதா? இல்லை, ஒளிந்திருந்தது. அக்குட்டிகளில் ஒன்றான ராதாவை அதன் தந்தையான மோகனோடே சேர்த்தார்கள். 1958இல் நான்கு குட்டிகள் பிறந்தன, நான்கும் வெள்ளை! மெண்டல் விதிப்படி பாதிதான் வெள்ளையாக எதிர்பார்க்கலாம். காசைச் சுண்டும்போது நான்கு முறையும் தலையே விழுவதுபோல் அமைந்தது அந்த ஈற்று.

ஆனால் இந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. தந்தையையும் மகளையும், பிறகு உடன்பிறந்தவற்றையும் சேர்த்துக்கொண்டே போனால், வெள்ளைக்குரிய படிகள் மட்டுமா சந்திக்கும்? ஒளிந்திருக்கும் மற்றக் குறைகளும் சந்திக்கும். உடற்குறைகளும் இளமைச் சாவும் இவ்வாறு உட்கலப்பால் மிகுகின்றன. வெண்புலிகள் பலவற்றுக்கு மாறுகண் இருப்பதற்கோ நிறமிக் குறையே காரணம். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளில் சில வழிமாறிச் செல்கின்றன.

மனிதன் கூண்டில் செய்ததை, காடு சுருங்கும்போது இயற்கையே செய்யவும் நேர்கிறது. ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் 'கரும்புலிகள்' உள்ளன. கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலப்பதால் அவை கருமையாகத் தோன்றுகின்றன. பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழுவினர் 2021இல் இதன் காரணத்தை வெளியிட்டனர். டாக்பெப் என்னும் மரபணுவில் நேர்ந்த மாற்றமே அது. ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகள் சிலவற்றில் புள்ளிகள் கலந்து பட்டைகளாவதும் இதே மரபணுவின் மாற்றத்தால்தான். சிமிலிபால் புலிகளிடம் இம்மரபணுவின் படிகளில் 100க்கு 58 மாறியவை என்று அவர்கள் கணக்கிட்டனர். அங்குள்ள புலிகள் சிலவே. பிற காடுகளுக்குப் போய் வரும் வழியும் அற்றுப் போனதால் உறவுக்குள்ளேயே இனம் பெருகுகிறது. அரிய நிறம் ஓரிடத்தில் அடிக்கடி தோன்றினால், அது அழகுச் செய்தி மட்டுமன்று. கூட்டம் சிறுத்துவிட்டது என்னும் எச்சரிக்கையும் ஆகும்.

இதைப் படித்த அன்று எனக்குத் திடுக்கிட்டது. எங்கள் எருமை எங்கள் தொழுவத்திலேயே பிறந்தது. ஊரில் அப்போது பொலிகிடா ஒன்றே ஒன்றுதான். எங்கள் எருமைக்குத் தந்தை அந்தக் கிடா. அதைச் சினையாக்கியதும் அதே கிடா! ரீவா அரண்மனையில் மோகனுக்கும் ராதாவுக்கும் நடந்தது எங்கள் ஊரிலும் நடந்திருக்கிறது. அங்கே மகாராஜா தெரிந்து செய்தார்; இங்கே நாங்கள் தெரியாமல் செய்தோம்.

பொங்கல் விடுமுறைக்குப் போனபோது அடுப்படியில் உட்கார்ந்து, நான்கு புளியங்கொட்டைகளை வைத்து அம்மாவுக்கு இதை விளக்கினேன். இரண்டைத் தேய்த்து வெள்ளையாக்கி, கறுப்பும் வெள்ளையுமாகத் தாய்க்கு இரண்டு, கிடாவுக்கு இரண்டு வைத்தேன். மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்தாள். வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தபோது கை நின்றது. "அப்போ, வெளியே கட்டினதாலே இல்லையா?" என்று கேட்டாள். "இல்லையம்மா" என்றேன். சிறிது நேரம் கழித்து, "நிழல்லே கட்டி வளர்த்திருக்கலாம்" என்றாள். ஆம், வளர்த்திருக்கலாம். தாய் எருமையின் பாலுக்கோ எந்தக் குறையும் இருந்திராது.

நண்பர்களே! நம்மில் பலர் ஆடு மாடுகளின் வருமானத்தில் படிக்க வந்தவர்கள். நிறம் மாறிப் பிறந்த கன்றைக் கண்டு ஊர் அஞ்சும்போது, காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள். கிடாவை மாற்றச் சொல்லுங்கள். கால்நடை மருந்தகத்தில் வேற்றுக் கிடாவின் விந்தணு கொண்டு சினை ஊசி போடச் சொல்லுங்கள். முதலில், அந்த வீட்டுப் பெண்ணின் மீது பழி விழாமல் காப்பாற்றுங்கள்.