ரத்தம் ஏற்றிய பிறகு யார் கணக்கு வைப்பது?

2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி தமிழகத்தை உலுக்கியது. அதை வெளிக்கொண்டு வந்தது எந்தக் கண்காணிப்பு ஏற்பாடும் அல்ல. வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்துகொண்டபோது தனக்குத் தொற்று இருப்பதை அறிந்த கொடையாளரே முன்வந்து சொன்னார். அவர் 2016இல் கொடுத்த ரத்தத்திலேயே தொற்று தெரிந்திருந்தும் அவருக்குத் தகவல் போகவில்லை என்பது பிறகு தெரியவந்தது.

எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மலேரியா, பால்வினை நோயான சிபிலிஸ் ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு பை ரத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பால் காசுக்கு ரத்தம் விற்பதும் தடை செய்யப்பட்டது. இவையெல்லாம் ரத்தம் ஏற்றுவதற்கு முந்தைய காவல்.

ஏற்றிய பிறகு நடப்பதைப் பதிவு செய்ய, 'ரத்தக் கண்காணிப்புத் திட்டம்' 2012 டிசம்பர் 10 அன்று தொடங்கியது. நொய்டாவிலுள்ள தேசிய உயிரியல் பொருட்கள் நிறுவனம் இதை ஒருங்கிணைக்கிறது. நோயாளிக்கு நடுக்கம், காய்ச்சல், முதுகுவலி, மூச்சுத்திணறல் வந்தாலோ சிறுநீர் சிவந்தாலோ, ஏற்றுவதை உடனே நிறுத்த வேண்டும். பையின் சீட்டை நோயாளியின் விவரத்தோடு மறுபடி ஒப்பிட வேண்டும். மீதி ரத்தத்தோடு நோயாளியின் புது மாதிரியையும் ரத்த வங்கிக்கு அனுப்பி, படிவம் நிரப்ப வேண்டும்.

செய்திகளில் கிருமிதான் அடிபடுகிறது. ஆனால் 1996 முதல் இத்தகைய பதிவுகளைத் திரட்டிவரும் பிரிட்டனில், பெரும்பாலான புகார்களின் வேர் மனிதத் தவறு: மாதிரிக் குழாயில் வேறொருவர் பெயர், படுக்கை மாறிப்போன பை. வார்டில் நடக்கும் இந்தத் தவறை எந்தக் கிருமிச் சோதனையும் பிடிக்காது.

இங்கே முட்டுக்கட்டை பயம்தான். எழுதினால் பழி தன் தலையில் விழும் என்று நர்ஸ் அஞ்சினால், நடுக்கம் பாராசிட்டமாலோடு முடிந்துவிடும். படிவம் காலியாகவே இருக்கும். ஆளைத் தண்டிப்பதற்கல்ல, தவறு திரும்ப நடக்காமல் தடுப்பதற்கே இந்தப் பதிவு என்பதை நிர்வாகம் நடத்தையில் காட்டினால்தான் உண்மை வெளிவரும். ஆண்டு முழுக்க ஒரு பாதிப்புகூடப் பதிவாகாத பெரிய மருத்துவமனையைப் பாராட்டத் தோன்றவில்லை, சந்தேகிக்கவே தோன்றுகிறது.

உங்கள் வீட்டாருக்கு ரத்தம் ஏற்றினால், முதல் பதினைந்து நிமிடம் அருகிலேயே இருங்கள். குளிர் நடுக்கம் கண்டால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். அது கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டதா என்றும் கேளுங்கள்.